ஆறு நிமிடத்துக்கு ஒரு நன்றியுரை

யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் யுத்தத்தைப் பற்றித் தாங்களே படம் காட்டினால் அதில் பக்கச்சார்பு வந்துவிடும். இது ஓக்லண்டில் இயங்கும் பல்லின உணர்வுப் பாதுகாப்புப் பணியகத்தின் நான்காவது விதி. இது தெரியாமல் எங்கள் தென்மேற்குத் தமிழர் கலைநேயர் மன்றம், எங்களுடைய யுத்தத்தைப் பற்றிப் படவிழா நடத்த மூன்று தடவை விண்ணப்பித்து, மூன்று தடவையும் மிக மரியாதையான மறுப்புக் கடிதம் வாங்கியது. மூன்றாவது கடிதத்தின் அடியில், "வேறு எவருடைய துன்பத்தையாவது பரிசீலிக்கலாம்" என்று ஓர் ஆலோசனையும் இருந்தது.

தலைவர் கதிர்காமநாதன் உடனே செயற்குழுவைக் கூட்டினார். அவர் ஓய்வுபெற்ற நிலஅளவையாளர்; எதற்கும் எல்லை போடாமல் நித்திரை கொள்ளமாட்டார். உலகத்து யுத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தோம். சிலது மிகத் தூரம். சிலதில் எங்கள் அங்கத்தவர்களே இரண்டு கட்சி. கடைசியில் பர்மா என்று முடிவாயிற்று. பர்மிய மக்களைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே பக்கச்சார்புக்கு இடமேயில்லை. 'பர்மிய மக்களின் யுத்தமும் ஒடுக்குமுறையும்: திரைப்படமும் இசையும்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினோம். ஒரே கிழமையில் அனுமதி வந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு பர்மியரும் வேண்டுமே என்ற யோசனை வந்தது.

என் மனைவி இராசமலர்தான் கண்டுபிடித்துத் தந்தாள். பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் அவள் பாண் வாங்குகிற பேக்கரியில் வேலை செய்பவர் கின் மாலா. ஐம்பது வயதிருக்கும். பெயரில் பாதி எங்களுடையதாக இருந்ததால் செயற்குழு அவரை அன்றைக்கே சொந்தமாக்கிக்கொண்டது. அவரிடம் ஒரு படமும் இருந்தது. அவருடைய கணவர் தெயின் ஊ ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஊரை இராணுவம் எரித்ததையும், சனம் காட்டுக்குள் ஓடியதையும், அங்கே மரத்தடியில் பிள்ளைகள் படித்ததையும் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தார். மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். அதை நியூசிலாந்திலிருந்த மாலாவுக்கு அனுப்பி ஒரு கிழமையில் இராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நாலு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

படத்தைத் தருவதற்கு மாலா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அதை என்னுடைய பாஷையில் எழுதுகிறேன்.

"கடைசி ஆறு நிமிஷத்தை நான் இன்னும் பார்க்கேல்லை. அது எனக்கெண்டு எடுத்ததாம். தனிய இருந்து பார்க்க ஏலாமக் கிடக்கு. நாலு பேர் பக்கத்தில இருந்தா நானும் பார்ப்பன்."

"நாலு பேர் என்ன, இருநூறு பேரைக் கொண்டுவாறம்" என்றேன். நான் மன்றத்தின் செயலாளர். வாக்குக் கொடுத்தது நான்தான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

படத்தைப் பரிசோதிக்கப் பணியகத்திலிருந்து உணர்வுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்தார். பெயர் பழனிவேல்; தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தங்கமான மனிதர். யாரையும் புண்படுத்திவிடக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குபவர். படத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு அவர் கவலையோடு கேட்டார்.

"படத்துல வர்ற எல்லார்கிட்டயும் சம்மதக் கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"ஊர்ச்சனம் எங்க இருக்கினமெண்டு தேடித்தான் வாங்கோணும்" என்றேன்.

"அவங்க சரி. அந்தச் சிப்பாய்ங்க?"

"அவை வீட்டுக்கு நெருப்பு வச்சுக்கொண்டு நிக்கினம், தம்பி."

"ஆமா சார், பார்த்தேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா முகம் தெளிவாத் தெரியுதே. வீடு அவங்களோடது இல்ல, ஒத்துக்கிறேன். முகம் அவங்களோடதுதானே?"

பர்மிய இராணுவத் தலைமையகத்துக்குப் படிவம் அனுப்பிக் கையெழுத்து வாங்கலாமா என்று தலைவர் உண்மையாகவே யோசித்தார். தபாலுக்கு நாள் போதாது என்பதால் அது கைவிடப்பட்டது. சிப்பாய்களின் முகங்களை மங்கலாக்கினோம். முகம் மங்கலானதும் அவர்கள் பார்ப்பதற்குக் கொஞ்சம் பயங்கரமாக இருந்தார்கள். ஆகவே உடலையும் மங்கலாக்கினோம். இப்போது வீடுகள் தாங்களாகவே எரிந்தன. துப்பாக்கிச் சத்தம் மண்டபத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியதால், அந்த இடங்களில் புல்லாங்குழல் சேர்த்தோம்.

பிறகு எச்சரிக்கைகள். 'அடுத்த காட்சியில் புகை வரும். மண்டபத்தில் புகை இல்லை. பதற்றமடைய வேண்டாம்' என்ற மாதிரிப் பதினேழு எச்சரிக்கைகள் எழுதினோம். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வாசித்து முடிக்கும்வரை படம் நிற்கவேண்டும். கடைசி ஆறு நிமிடத்தை மட்டும், விழாவில் மாலாவோடு சேர்ந்தே பார்ப்பது என்று, முன்கூட்டிப் பார்க்காமல் விட்டுவைத்தோம். பர்மிய பாஷையில் எச்சரிக்கை வேண்டுமா என்று கேட்டேன். அவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே என்றார் பழனிவேல்.

மேடைக்குப் பின்னால் ஓர் அமைதி அறையும் அமைக்கப்பட்டது. இந்த ஊரில் இப்போது அமைதி அறை இல்லாத கூட்டத்துக்கு மரியாதை கிடையாது. மெத்தைக் கதிரை, கனத்த போர்வை, வாசனை மெழுகுதிரி, பூவில் போட்ட தேநீர். மெழுகுதிரியைக் கொளுத்தினால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் அதைக் கொளுத்தாமல் மணந்து பார்க்கலாம் என்று அறிவித்தல் ஒட்டினோம்.

விழா லின்ஃபீல்டில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. இரண்டு மணி என்றால் எங்கள் ஆட்களுக்கு மூன்றேகால் என்று விளங்கும். மாலா மட்டும் இரண்டு மணிக்கே வந்து முன்வரிசையில் இருந்தார். சிவப்புக் கரை போட்ட நீளப் பாவாடை உடுத்து, தலையில் ஒரு மல்லிகைக்கொத்து வைத்திருந்தார். சரியாக ஆறு மணிக்கு மண்டபத்தை விடவேண்டும். அதற்குப் பிறகு உடற்பயிற்சி வகுப்பு.

மின்சாரக் குத்துவிளக்கை ஏழு பேர் ஏற்றினார்கள், அதாவது ஏழு பேர் ஒரு சுவிட்சைத் தொட்டார்கள். அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு ஆசியுரை. பர்மாவில் மயில் உண்டு என்று கேள்விப்பட்டதால், வரவேற்பு நடனமாகச் சிறுமிகள் மயில் நடனம் ஆடினார்கள். தலைப்பில் இசையும் இருந்ததால் எங்கள் மன்றப் பாடகர் வசீகரன் கரோக்கியில் பாடினார். யுத்தப் பாட்டு கேட்டிருந்தோம். அவர் பாடியது காதல் பாட்டு. ஆனால் இரண்டாவது சரணத்தில் 'போர்க்களம்' என்று ஒரு சொல் வருகிறதாம். பிறகு பதினாலு பேருக்குப் பொன்னாடை. பதினாலாவது மாலாவுக்கு. யாருக்கு என்ன காரணத்துக்காகப் போர்த்துகிறோம் என்று பன்னிரண்டாவது ஆளோடு நாங்கள் மறந்துவிட்டோம். படம் தொடங்கும்போது ஐந்து மணி ஐந்து நிமிடம்.

எச்சரிக்கைகளோடு படம் நகர்ந்து, கடைசி ஆறு நிமிடத்துக்கு வந்தபோது பழனிவேல் குனிந்தபடி முன்வரிசைக்கு வந்தார். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் மிகவும் பாதிக்கக்கூடிய காட்சியின்போது அமைதி அறையில் இருக்கவேண்டும் என்பது பதினோராவது விதி. அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார் மாலா. பழனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், நீங்கள் எழும்பாவிட்டால் படத்தை நிறுத்த வேண்டியிருக்கும் அம்மா என்றார்.

மாலா திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, என் தோளைத் தொட்டு, "பரவாயில்லை, நீங்களாவது பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்ப்பதாகத் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்க்கத்தான் நினைத்தேன்.

அப்போதுதான் தலைவர் மணிக்கூட்டைக் காட்டினார். ஐந்து நாற்பத்தைந்து. நன்றியுரை இன்னும் இல்லை. ஒலிபெருக்கி தந்தவர், வடை சுட்டவர்கள், பதாகை அடித்தவர் எல்லாரும் காத்திருக்கிறார்கள். தமிழனுடைய கூட்டத்தில் பேச்சாளர் வராமல் விடலாம், மின்சாரம் போகலாம், நன்றியுரை மட்டும் நடக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒருவருடைய பெயர் விடுபட்டாலே புதிதாக ஒரு மன்றம் தொடங்கிவிடுவார்கள். படத்தை நிறுத்தினோம். நன்றியுரை நான்தான் சொன்னேன். பத்து நிமிடம் சொன்னேன்.

மாலா அமைதி அறையிலிருந்து வெளியே வரும்போது சனமெல்லாம் சிற்றுண்டிக்கு வைத்த ரோல்ஸ் வரிசையில் நின்றது. ரோல்ஸில் உறைப்புக் கூடிவிட்டதால் பலருக்குக் கண்ணில் நீர். அந்தக் கண்களைப் பார்த்து அவர் ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். நானும் வாயில் ரோல்ஸோடு கைகூப்பினேன்.

அடுத்த கிழமை பணியகத்துக்கு அறிக்கை எழுதவேண்டியிருந்தது. கணினிப் படிவம். 'எத்தனை வீதமானோர் முழுப்படத்தையும் பார்த்தனர்?' நூறுக்குக் குறைத்துப் போட்டால் ஆயிரம் சொல்லில் விளக்கம் கேட்டது. நூறு என்று போட்டேன். 'இசை மூலம் ஏற்பட்ட உணர்வுத் தாக்கம்' என்று ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. வசீகரனை அதில் எழுத மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை. 'படத்தின் முடிவில் அதை எடுத்தவர் பாடும் பாடல், இருநூற்றுப் பத்துப் பேரையும் கண்ணீர் சிந்த வைத்தது' என்று எழுதினேன். எழுதியபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒளிவுமறைவின்மை விதியின்படி பணியகம் அந்த அறிக்கையைப் பங்குபற்றிய எல்லாருக்கும் அனுப்பிவைத்தது.

ஞாயிறு காலை மாலா வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் பாண், மறு கையில் அறிக்கை. இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடேயே இருந்தாள். மாலாவின் முகத்தில் நான் முன்பு காணாத ஒரு வெளிச்சம்.

"அவருக்குப் பாட வராது" என்றார். "வாயைத் திறந்தா வகுப்பில பிள்ளையள் காதைப் பொத்துவினம். எனக்காண்டிப் பாடினவரோ?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"என்ன பாட்டெண்டு தெரிஞ்சா எனக்குத் தைரியம் வந்திடும். பிறகு பார்த்திடுவன். பாஷை விளங்கியிராது உங்களுக்கு. மெட்டை மட்டும் ஒருக்கா முணுமுணுத்துக் காட்டுவியளோ?"

மனிதன் மாட்டிக்கொண்டால் என்னவெல்லாம் செய்வான் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். நான் முணுமுணுத்தேன். வாயில் எது வந்ததோ அதை. இராசமலர் தலையைக் குனிந்துகொண்டாள். மாலா கண்ணை மூடிக் கேட்டார்.

"இது மேடையில அந்தத் தம்பி பாடினது" என்றார். பிறகு கோபமே இல்லாமல், "அப்ப நீங்களும் பார்க்கேல்லை" என்றார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். செய்ததையெல்லாம் சொன்னேன். நன்றியுரையையும் சொன்னேன். அவர் அறிக்கையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "சரி, அப்ப சேர்ந்து பார்ப்பம்" என்றார்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. நடந்தது பெருந்தவறு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு அதே மண்டபத்தில் அந்த ஆறு நிமிடத்தை மட்டும், உரைகள் எதுவும் இல்லாமல், எல்லாரும் ஒன்றாக இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மண்டபச் சாவி வைத்திருக்கும் பெனடிக்ற் கதவு திறக்கச் சம்மதித்தார். வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தோம். அரை மணித்தியாலத்தில் நூற்றைம்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன. சிலர் அழுகிற முகமும் போட்டிருந்தார்கள். எங்கள் சனம் கல்நெஞ்சுக்காரர் இல்லை என்று தலைவர் நெகிழ்ந்து போனார்.

அந்தச் சனிக்கிழமை கிளென்ஃபீல்டில் தெரிந்த பிள்ளை ஒன்றின் பூப்புச் சடங்கு, ஒரு சாமத்தியவீடு, வந்துவிட்டது. தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். தலைவரும் அப்படித்தான் வந்திருந்தார். மற்ற எல்லாரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்கள் லின்ஃபீல்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவரையொருவர் கண்டதும் மழையைப் பற்றிக் கதைத்தோம்.

அடுத்தநாள் பெனடிக்ற்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். மாலா இரண்டு மணிக்கே வந்தாராம். தலையில் பூவும் வைத்திருந்தாராம். படம் ஓடினதா என்று கேட்டேன். இல்லை, அஞ்சு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திட்டுப் போட்டா என்றார் பெனடிக்ற். பிறகு, "நானெண்டாலும் பக்கத்தில இருந்திருக்கலாம், எனக்குத் தோன்றேல்லை" என்றார்.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இன்று காலைவரை நூற்றுத் தொண்ணூற்றாறு. முதலாவது என்னுடையது.