ஹாலோபெக்கில் நாற்பத்தோரு பேர் குணமான பிற்பகல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பழைய கதை. சக்கரத்தைக் கண்டுபிடித்தது அதைவிடச் சற்றே புதிய கதை. நாகரிகத்தின் உச்சம் எதுவென்று கேட்டால், சோபாவில் படுத்துக்கொண்டே வரிசையில் நிற்கும் முறையைக் கண்டுபிடித்ததுதான். அந்தப் பெருமை முழுக்க முழுக்க பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையையே சேரும். அங்கே சிகிச்சைக்குக் காசு கிடையாது. பிரபுவுக்கும் பஸ் டிரைவருக்கும் ஒரே வரிசை. பிரபுக்கள் அதில் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்; நிற்க ஆசைப்பட்டால் தடுப்பார் யாருமில்லை.

வட இங்கிலாந்தின் ஹாலோபெக் ஊரில் பெரில் எண்ட்விசில் என்பவள் இந்த வரிசையில் பத்தொன்பது மாதமாக இருந்தாள். வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு அண்டாவைத் தூக்கி இறக்கியதில் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிற்று. புது மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவரை படியேற வேண்டாம் என்றும் சொன்னார். அவளுடைய படுக்கையறை மாடியில் இருந்தது. நல்ல கட்டில், நல்ல மெத்தை, ஜன்னலைத் திறந்தால் மலைச்சரிவில் ஆடு மேய்வது தெரியும். எல்லாம் பதின்மூன்று படிக்கு மேலே. கீழே சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தவளுக்கு, சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்ட துக்கம் இருந்தது.

மருத்துவமனை அவளை மறந்துவிடவில்லை. கடிதம் போட்டிருந்தது. "உங்கள் முறை வந்ததும் தொலைபேசியில் அழைப்போம். எங்கள் எண் உங்கள் திரையில் தெரியாது. இரண்டு முறை அழைத்தும் எடுக்காவிட்டால், உங்களுக்குச் சிகிச்சை தேவைப்படவில்லை என்று மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொண்டு பட்டியலிலிருந்து விடுவிப்போம்."

"விடுவிப்போம்" என்ற சொல்லில் எத்தனை கனிவு பாருங்கள். பெரில் அந்தக் கனிவுக்குப் பயந்து, கைப்பேசியை உடம்பில் ஓர் உறுப்பாகவே ஆக்கிக்கொண்டாள். சமைக்கும்போது ஏப்ரன் பையில். குளிக்கும்போது சாண்ட்விச் சுற்றும் பிளாஸ்டிக் உறையில். சர்ச்சில் பாதிரியாரே, "உங்க போன் அடிச்சா எழுந்து போங்க பெரில், ஆண்டவர் காத்திருப்பார்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் ஊருக்குள் பெரும் விவாதம் மூண்டது. அரசாங்கம், பணம் கொடுத்துவிட்டோம் என்றது. மருத்துவமனை, போதவில்லை என்றது. உள்ளூர்ப் பத்திரிகை, பணம் வந்தது, மேனேஜர்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றது. பூசல் முற்றியதால், மருத்துவமனையின் தலைமை நிர்வாகி ஜூலியன் ஃபார்க்கர் ஒரு வரலாற்று முடிவெடுத்தார். மக்களிடமே கேட்டுவிடுவது. அதற்கு "செவிசாய்க்கும் பிற்பகல்" என்று பெயர். எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர லண்டனிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனம் வந்தது. காதுகளுக்கு ஹாலோபெக்கில் அவ்வளவு பற்றாக்குறை.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மெதடிஸ்ட் சர்ச் கூடம் நிரம்பி வழிந்தது. பட்டியலில் இருந்த பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். வலி இல்லாதவன் எதற்கு வருகிறான்? பெரில் கைத்தடியை ஊன்றி வந்தாள். கூடவே பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் பில்லிங், இரண்டு கண்ணிலும் புரை. அவள் அவனுக்குக் கண். அவன் அவளுக்குக் கால்.

வாசலில் ஆலோசனை நிறுவனத்தின் டாம்சின் என்ற இளம்பெண் காலி பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினாள்.

"எல்லாரும் போனை சைலண்ட்ல போட்டு இதுல வைங்க. முழு மனசோட கேக்கறதுக்கு இது ரொம்ப முக்கியம்."

"எனக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடுவாங்கம்மா" என்றாள் பெரில்.

"ஆஸ்பத்திரியே இங்க வந்திருக்கே, பெரில்!" என்று டாம்சின் மேடையைக் காட்டினாள். மேடையில் ஜூலியன் ஃபார்க்கர் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் இருபது பேர் நின்றார்கள். ஒருவர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். அந்த ஊரில் அது அடிதடிக்குச் சமம். பெரில் வெட்கப்பட்டுப்போய் போனை டப்பாவில் போட்டாள்.

விவாதம் மிக உயர்ந்த தரத்தில் நடந்தது. முன்னாள் வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து, "பணம் பத்தலைன்னு சொல்றதே தப்பு. மேனேஜர்களைக் குறைங்க" என்றார். முன்னாள் ஆசிரியை ஒருத்தி, "மேனேஜர் இல்லாம பணத்தை யாரு மேனேஜ் பண்றதாம்? வரியைக் கூட்டுங்க" என்றாள். ஒரு செவிலி எழுந்து, "நேத்து நடைபாதையில ஒன்பது பேரைக் கட்டில்ல வச்சுக்கிட்டு நான் ஒருத்தியே..." என்று ஆரம்பித்தாள். ஊழியர்களுக்குத் தனியாக ஒரு செவிசாய்க்கும் பிற்பகல் பின்னர் அறிவிக்கப்படும் என்று டாம்சின் அன்போடு உட்கார வைத்தாள். சொல்லப்பட்டதெல்லாம் வண்ணத் தாள்களில் எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டது. பணம் என்றால் மஞ்சள், நிர்வாகம் என்றால் நீலம், பாராட்டு என்றால் பச்சை. பச்சைத் தாள்தான் நிறைய வாங்கி வைத்திருந்தார்கள்.

இரண்டே முக்காலுக்கு டப்பா உறுமியது.

முதலில் ஒரு போன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் தகரம் மேசைமேல் தானாகவே நகர ஆரம்பித்தது. பெரிலுக்கு இடுப்புதான் போயிற்று, காது போகவில்லை.

"டெஸ்மண்ட், டப்பா அதிருது."

"எழுந்து போய் எடுத்துட்டு வா."

"எல்லாரும் பேசிட்டிருக்காங்க. நடுவுல போனா என்ன நினைப்பாங்க?"

"அப்போ கையைத் தூக்கு."

தூக்கினாள். டாம்சின் ஓடிவந்து ஒரு சீட்டைக் கொடுத்தாள். எண் முப்பத்தொன்று. பேசிக்கொண்டிருந்தவர் பதினெட்டு. பெரில் முறைப்படி காத்திருந்தாள். அவள் கண்முன்னே டப்பா மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பயணம் செய்து, விழப்போகும் சமயத்தில் ஒரு தொண்டரால் மீண்டும் நடுவில் வைக்கப்பட்டது. மூன்றரை மணிக்கு மைக் வந்தது.

"எனக்கு என் போன் வேணும்" என்றாள் பெரில்.

"அருமை!" என்றாள் டாம்சின். "தொலைபேசி வசதியை மேம்படுத்தணும்ங்கறாங்க." நீலத் தாளில் எழுதி ஒட்டியாயிற்று.

"இல்லம்மா, என் போன், அந்த டப்பாவுல..."

"ஒருத்தருக்கு ஒரு கருத்துதான், பெரில். எல்லாருக்கும் வாய்ப்பு வேணுமில்லையா?"

கடைசியில் ஜூலியன் ஃபார்க்கர் எழுந்தார். அவருடைய போன் டப்பாவில் இல்லை; அவசரத்துக்கு என்று மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"நண்பர்களே! பணமா நிர்வாகமான்னு சண்டை போட்டோம். இதோ பதில். நாம இங்க பேசிட்டிருந்த இந்த ஒரு பிற்பகல்ல, நம்ம காத்திருப்போர் பட்டியல்லேர்ந்து நாற்பத்தோரு பேர் குறைஞ்சிருக்காங்க! ஒரே நாள்ல இவ்வளவு குறைஞ்சது நம்ம வரலாற்றிலேயே இல்லை. வழக்கமா எங்க பதிவு அலுவலகத்துக்கு உங்க போன் வந்துக்கிட்டே இருக்கும், எங்களால வெளியே கூப்பிட முடியாது. இன்னைக்கு ஒருத்தர்கூட கூப்பிடலை. அதனால நாங்க கூப்பிட்டோம்!"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. யார் பெற்ற பிள்ளைகளோ, நாற்பத்தோரு பேர் நல்லபடியாகக் கரையேறிவிட்டார்கள், நம் முறையும் பக்கத்தில் வந்திருக்கும் என்று பெரிலுக்கும் நெஞ்சு நிறைந்தது. கைத்தடியை டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள்.

பிறகு டப்பாவுக்கு வரிசை நின்றது. ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள், பார்த்தார்கள், அப்படியே ஓரமாக நகர்ந்து நின்றார்கள். பெரிலின் திரையில் தவறிய அழைப்புகள் இரண்டு. 2.46. 2.51. நடுவில் ஐந்து நிமிடம்; அவசரப்பட்டார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

அங்கேயே நின்று மருத்துவமனையைக் கூப்பிட்டாள். அன்றைக்கு உடனே எடுத்தார்கள்.

"ஆமாம்மா, நாங்கதான் கூப்பிட்டோம். அடுத்த வியாழக்கிழமை உங்க ஆபரேஷனுக்கு இடம் இருந்துச்சு."

"வர்றேம்மா! இப்பவே வேணாலும் வர்றேன்!"

"இப்ப நீங்க பட்டியல்ல இல்லையேம்மா. பட்டியல்ல இல்லாதவங்களுக்கு நான் எப்படி ஆபரேஷன் குடுக்கறது? உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க, அவர் மறுபடி எழுதிக் குடுக்கட்டும்."

பெரில் மேடைக்குப் போனாள். நாலு படி இருந்தது. ஏற முடியாமல் கீழேயே நின்று கூப்பிட்டாள்.

"மிஸ்டர் ஃபார்க்கர், அந்த நாற்பத்தோரு பேர்ல நானும் ஒருத்தி."

"வாழ்த்துகள்!" என்று அவர் குனிந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவளுக்கு எரிந்த எரிச்சலில் அந்தக் கூடத்தையே கொளுத்தியிருப்பாள். ஆனால் ஹாலோபெக்கில் வளர்ந்தவள் கத்தமாட்டாள். வாசலில் டாம்சின் கருத்துப் படிவம் ஒன்றை நீட்டினாள். "இன்று நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம்?" என்று ஒரே ஒரு கேள்வி. பெரில் பேனாவை அழுத்தி, தாள் கிழிய எழுதிக் கீழே பெயரையும் போட்டாள்: "என்னைக் குணப்படுத்திவிட்டீர்கள். மிக்க நன்றி."

கிண்டல் என்பது அந்நாட்டின் தாய்மொழி. ஆனால் ஆலோசனை நிறுவனங்களுக்கு அது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டரின் கிளினிக் திறப்பதற்குள் தெருமுனைவரை ஆள் நின்றது. தூறிக்கொண்டிருந்தது. பெரில் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் சர்ச் கூடத்து முகங்கள். ஒருவரையொருவர் பார்த்து, வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள். கிளினிக்கின் ஜன்னலில் பளபளவென்று புது போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. மருத்துவமனை, அரசாங்கத்திடம் "செவிசாய்ப்புச் சிறப்பு நிதி" கேட்டிருக்கிறது, அதற்கு ஆதரவாக.

டெஸ்மண்ட் தடவித் தடவி வந்து சேர்ந்தான். அவன் போனிலும் இரண்டு அழைப்புகள் இருந்திருந்தன.

"பெரில், அந்த ஜன்னல்ல பெருசா என்னமோ எழுதியிருக்காப்ல இருக்கே. என்னது?"

"'என்னைக் குணப்படுத்திவிட்டீர்கள். மிக்க நன்றி'ன்னு போட்டிருக்கு."

"யாராம் அந்தப் புண்ணியவதி?"

"கீழே என் பேரு இருக்கு."

டெஸ்மண்ட் முன்னால் நின்றவரின் முதுகைத் தடவிப் பார்த்தான். பிறகு, "இது எந்த வரிசை?" என்று கேட்டான்.

"குணமானவங்க வரிசை" என்றாள் பெரில். "பின்னாடி போய் நில்லு."