செயற்கைக்கோளுக்கு ஒரு சந்தனப் பொட்டு

புதிதாக எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் என் வலது கை மோதிர விரல் தானாகச் சந்தனத்தைத் தேடும். இது பக்தி இல்லை, தொழில் வியாதி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனையாளனாக இருந்த காலத்தில் தொற்றியது. வண்டியை விவசாயியிடம் ஒப்படைக்கும் நாளில் பூஜை என் பொறுப்பு. பானட்டில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், இரண்டு ஹெட்லைட்டிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பொட்டை நட்டநடுவில் வைப்பதில் இந்த மாவட்டத்திலேயே எனக்கு இணை கிடையாது என்று ஊரில் பேச்சு. (பேசியது நான்தான்.)

இப்படிப்பட்ட விரலை வைத்துக்கொண்டு நான் விண்வெளித் துறைக்கு வேலைக்குப் போயிருக்கவே கூடாது.

போக வைத்தவர் ஸ்டெல்லா மேடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எங்கள் ஷோரூமுக்கு டிராக்டர் வாங்க வந்த ஒரு கரும்பு விவசாயியின் மகள். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவர் அதை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கே திரும்பி, உரக்கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக ஆபீஸ் போட்டிருந்தார். அவருடைய அப்பாவிடம் நான் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க டிராக்டர் விக்கலண்ணா, தைரியத்த விக்கிறீங்க. எங்கிட்ட வேலைக்கு வரீங்களா?"

"இன்னா வேலைங்க மேடம்?"

"சாட்டிலைட் கம்பெனிங்களுக்கு மார்க்கெட்டிங்."

நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். அங்கே யாரிடம் போய் விற்பது என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது. ராக்கெட்டும் செயற்கைக்கோளும் செய்கிறவர்களுக்கு அவற்றைச் செய்யத் தெரியும். அது எதற்கு என்று மற்றவர்களுக்குச் சொல்லத்தான் தெரியாது. அதை அவர்களுக்காகச் சொல்வதுதான் எங்கள் வேலை. மேடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி, தமிழில் எனக்குச் சொல்லிப் பார்ப்பார். எனக்குப் புரியாவிட்டால் அடித்துவிடுவார். (வாக்கியத்தை.) "துரை அண்ணாவுக்குப் புரிஞ்சுதுன்னா பிரேசிலுக்கும் புரியும்" என்பார். இதைப் பாராட்டு என்று நினைத்து வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் சொன்னது நடந்தது. நான் சேர்ந்த ஒரே வருடத்தில் சிங்கப்பூர், ஜெர்மனி, பிரேசில் என்று வரிசையாக வேலை வந்தது. ஒவ்வொரு நாடு வரும்போதும் சுவரில் இருந்த உலகப் படத்தில் மேடம் ஒரு சிவப்பு ஊசி குத்துவார், நான் கீழே போய்ப் பூந்தி வாங்கி வருவேன். உரக்கடைக்கு மூட்டை எடுக்க வருகிறவர்கள் மாடியில் என்னமோ கல்யாணத் தரகு நடக்கிறது என்றே நினைத்திருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவை எல்லாமே ஒருமுறை செய்து முடிக்கிற வேலைகள். நிரந்தரமாக ஒரு பெரிய வாடிக்கையாளர் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் ஆபீஸை மூடிவிட்டுப் பெங்களூருக்கே போய்விடுவதாக மேடம் அவருடைய அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் பெங்களூர் போனால் நான் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும். அங்கே என் நாற்காலியில் என் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய் நிற்பதைவிட விண்வெளிக்கே போய்விடலாம்.

அப்போதுதான் ஃபின்லாந்து வந்தது. வானத்திலிருந்து வயலைப் படம் பிடித்து, பயிர் வாடுவது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எங்கே தண்ணீர் போதவில்லை என்று சொல்லும் சின்னச் செயற்கைக்கோள் செய்கிற நிறுவனம். ஆசியா முழுவதற்கும் விளம்பர வேலை தருவதாக இருந்தார்கள். போட்டிக்குத் துபாயில் ஒரு பெரிய ஏஜென்சி. செயற்கைக்கோளில் இருக்கும் கேமராவைப் போலவே செய்த இன்னொரு கேமராவை ஒரு இன்ஜினியரிடம் கொடுத்தனுப்புவார்கள். அதைக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் நிறுத்தி, கீழே இருக்கிற வயல்களை ஐந்து நாட்டு வியாபாரிகளுக்கு நேரலையில் காட்ட வேண்டும். ஃபின்லாந்து மேனேஜர் அம்மாவும் பார்ப்பார். வேலை எங்களுக்கா துபாய்க்கா என்பது அன்றைக்கே முடிவாகும்.

இன்ஜினியரின் பெயர் யூஹா. நெட்டையான மனிதர், பேச்சு கம்மி. மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் கேமராப் பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஜீப்பில் ஏறும்போது மேடம் என்னிடம், "நான் ஜெபம் பண்ணிட்டேண்ணா. நீங்களும் உங்க சாமிய நெனச்சுக்கோங்க" என்றார். நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். அதற்கு மேல் எதுவும் செய்யச் சொல்லவில்லை. இதை நான் இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிமலையில் ஒரு சாமை வயலை ஒட்டி ஷாமியானா போட்டோம். உள்ளே பெரிய திரை, வெளியே சரிவைப் பார்த்தபடி முக்காலி, அதன் மேல் கேமரா. யூஹா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேடத்தோடு சிக்னல் தேடி மேட்டுக்குப் போனார். "யாரையும் கிட்ட விடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார் மேடம். யாரையும் என்றால் மற்றவர்களை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜீப் ஓட்டி வந்த ஏழுமலை கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், எங்கியோ கண்ணு காணாத தேசத்துலருந்து வந்துகீது. ஒரு பொட்டுகூட வெக்காம ஸ்டார்ட் பண்றீங்களே?"

இந்த மனிதர் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால்! ஆனால் பையில் சந்தன டப்பாவும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோனது நான்தானே. கேமராவை ஒருமுறை பார்த்தேன். டிராக்டர் என்றால் ஹெட்லைட். இதில் முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், டம்ளர் வாய் அகலத்துக்கு. சந்தனத்தைக் குழைத்து அதன் நட்டநடுவில் வைத்தேன். மேலே குங்குமம். முக்காலியின் மூன்று கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை. விலை உயர்ந்த கருவி, நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

சிக்னல் கிடைத்து இருவரும் ஓடி வந்தபோது நேரமாகிவிட்டிருந்தது. நேராக ஷாமியானாவுக்குள் நுழைந்தார்கள். கேமராவின் முதுகுதான் அவர்கள் பக்கம் இருந்தது. திரையில் கட்டம் கட்டமாக ஐந்து நாட்டு முகங்கள், ஆறாவது கட்டத்தில் மேனேஜர் அம்மா. மேடம் அழகாக ஆரம்பித்தார். ஆங்கிலம்தான், எனக்கே முக்கால்வாசி புரிந்தது. கடைசியில், "இப்போது கல்வராயன் மலையைப் பாருங்கள்" என்றார்.

திரை முழுவதும் மஞ்சள். நடுவில் பெரிதாகக் கலங்கிய சிவப்பு.

வியட்நாம்காரர் ஒருவர், "சூரிய உதயமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்போது மணி பதினொன்று. நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் கைதட்டினேன். யாரும் சேர்ந்து தட்டவில்லை. யூஹா எதை எதையோ அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் மட்டும் மூக்கால் காற்றை இழுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மோதிர விரலைப் பார்த்தார்.

"துரை அண்ணா, இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். சின்னதா ஒரு பொட்டு."

"எங்க?"

"ஹெட்லைட்ல."

நான் துண்டை உருவிக்கொண்டு துடைக்க ஓடினேன். அதுவரை குரலை உயர்த்தாத யூஹா அப்போது போட்ட சத்தத்தில் சாமை வயலில் மேய்ந்த குருவிகள் எழுந்து பறந்தன. இரண்டு கைகளையும் விரித்து லென்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். பிறகு பையிலிருந்து சின்னப் பிரஷ்ஷும் ஏதோ ஒரு திரவமும் எடுத்துத் தானே சுத்தம் செய்ய உட்கார்ந்தார். ஒரு பெண் பல வருடம் உழைத்துக் கட்டியதை ஒரு சிட்டிகைச் சந்தனத்தால் மூடிவிட்டேன். மைத்துனனிடம் எந்த வார்த்தையில் வேலை கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன்.

'தொழில்நுட்பக் கோளாறு' என்று மேடம் சொல்லியிருக்கலாம். உலகமே அதைத்தான் சொல்கிறது, யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திருப்பி என்னைக் காட்டினார்.

"இவர் என் சக ஊழியர். உங்கள் கேமராவுக்குப் பொட்டு வைத்துவிட்டார். எங்கள் ஊரில் புது இயந்திரம் வந்தால் அதை வீட்டு ஆளாகத்தான் சேர்த்துக்கொள்வோம். என் அப்பாவின் டிராக்டருக்குச் சர்ச் ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், இவர் சந்தனம் வைத்தார். விவசாயி இந்தச் செயற்கைக்கோளை எப்படி நம்புவார் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சுவிட்ச் போடுவதற்கு முன்பே ஒருவர் நம்பிவிட்டார், பாருங்கள்" என்றார். "அண்ணா, வெரலக் காட்டுங்க."

விரலைக் காட்டினேன். ஆசியாவே பார்த்தது.

முதலில் நேபாளப் பெண் சிரித்தார். எங்கள் ஊரிலும் வண்டிக்குத் திலகம் உண்டு என்றார். தாய்லாந்துக்காரர் தன் காரின் கூரையில் துறவி ஒருவர் வெள்ளைப் பொட்டு வைத்ததைச் சொன்னார். பிலிப்பைன்ஸ்காரர் தன் லாரிக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளித்த கதையை ஆரம்பித்தார். அதுவரை வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். மேடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, யார் சொன்னால் உங்கள் விவசாயி கேட்பார் என்று ஒவ்வொரு நாடாகப் பிடுங்கிவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பதினைந்து வருடம் டிராக்டர் விற்ற எனக்கு விற்பனை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் எனக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. ஒன்று நசுங்கிச் சரிவில் உருண்டுவிட, முக்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. யூஹா பிரஷ்ஷைப் பையில் வைக்கத் திரும்பிய சமயம் பார்த்துச் சத்தமில்லாமல் முன்பக்கமாகப் போய் அதை எடுக்கக் குனிந்தேன். ஷாமியானாவுக்குள் ஒரே சிரிப்பு. பயிர் வாடுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் அந்தக் கண், சந்தனம் நீங்கியதும் ஐந்து நாடுகளுக்கு முதலில் காட்டியது என் வேட்டியின் பின்பக்கத்தை.

நான் விலகியதும் வயல் தெரிந்தது. எந்த மூலையில் ஈரம் கம்மி என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்குள் மேனேஜர் அம்மா முடிவு செய்துவிட்டிருந்தார். "துபாயில் படங்களை நன்றாகக் காட்டினார்கள். மனிதர்களை இங்கேதான் பார்த்தேன்" என்றார். வேலை எங்களுக்கு.

ஜீப் மலை இறங்கும்போது மேடம் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"காலைல ஜெபத்துல ஒண்ணே ஒண்ணுதாண்ணா கேட்டேன். எதுவும் தப்பாப் போவக் கூடாதுன்னு. கேட்டது கெடைக்கல. நல்லதாப் போச்சு."

அந்தத் திட்டு இன்றைக்கு வரை விழவில்லை. இப்போது சுவரில் இருக்கிற உலகப் படத்தில் ஊசி குத்த ஆசியாப் பக்கம் இடம் போதவில்லை, பூந்திக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எந்த நாடு என்று கேட்கிறார்.

சில மாதம் கழித்து ஃபின்லாந்திலிருந்து அடுத்த கேமரா வந்தது. லென்ஸ் மூடியில் யூஹா தன் கையால் கோணல் மாணலாகத் தமிழில் எழுதியிருந்தார்: "துரை, இங்கே வேண்டாம்." கேமராவைத் திருப்பினால் பக்கவாட்டில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, "இங்கே" என்று எழுதியிருந்தது. அந்த வட்டத்தின் நட்டநடுவில் பொட்டு வைத்தேன்.

அந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தவறு. இப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், மிக்ஸி எது வந்தாலும் நான் கிட்டே போவதற்கு முன்பே என் மகள் அதில் ஒரு வட்டம் போட்டு வைத்துவிடுகிறாள். போன மாதம் அவளுக்குச் சைக்கிள் வாங்கினோம். பின் மட்கார்டில் சாக்பீஸ் வட்டம், "அப்பா, இங்க." சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நான் குனியப் போனேன். சமையலறையிலிருந்து என் மனைவி கோமதியின் குரல் வந்தது.

"ஏங்க, குனியாம வெய்யுங்க. ஃபின்லாந்துல பாத்துக்கினு இருக்கப் போறாங்க."