ஞாயிறு பத்து மணிக்குத் தார்மீகம்

கல்கத்தாவில் ஒரு தனி மனிதரால் ஞாயிற்றுக்கிழமையையே நாசம் பண்ண முடிந்தது என்றால், அது தார்மீகம் மாமாவால்தான். பவானிபூரே படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும் காலை நேரத்தில் நாங்கள் குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, மனிதன் எப்படி வாழவேண்டும் என்று மாமா நடத்தும் கூட்டத்தில் பேச்சுக் கேட்கப் போனோம். போகாவிட்டால் அவர் வீட்டுக்கே வந்துவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே ஒரு பேங்க்கில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த காலம் அது.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எதைப் பார்த்தாலும் "இதுல தார்மீகம் இருக்கா?" என்று கேட்டதால் அதுவே பெயராகிவிட்டது. கறிகாய்க் கடையில் பேரம் பேசி விலையைக் குறைத்துவிட்டு, காசு கொடுக்கும் நேரத்தில் தன் ஓட்டைப் பெங்காலியில் "இந்த விலைக்கு வித்தா உனக்கு என்ன மிஞ்சும்?" என்று கடைக்காரரிடம் விசாரணையை ஆரம்பிப்பார். பின்னால் வரிசை நிற்கும். ஆளை அனுப்பினால் போதுமென்று கடைக்காரர் பாகற்காயை இலவசமாகவே பைக்குள் தள்ளிவிடுவார். அதில் தார்மீகம் இருக்கிறதா என்று அடுத்த விசாரணை.

மாமாவுக்கு கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலை. குடோன் முதலாளியும் தமிழர்தான். பவானிபூரில் தன் ஆபீஸ் மாடி ஹாலைக் கூட்டத்துக்குச் சும்மா விட்டிருந்தார். இட்லியும் அவர் உபயம். சாமி படம் கிடையாது, ஜாதி கிடையாது, முதலாளியானாலும் தரையில்தான் உட்காரவேண்டும். ஒரு வாரம் நம்மை நாமே திருத்திக்கொள்வது, ஒரு வாரம் சமூகம், ஒரு வாரம் நியாயமான பொருளாதாரம் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும்.

அதுவரை ஆபத்தில்லை. பேச்சு முடிந்ததும் மாமா எழுந்து, "கேட்டதுல ஒண்ணை இந்த வாரம் செய்யப்போறவா கை தூக்குங்கோ" என்பார். தூக்கினவர் செய்கிறாரா என்று வாரத்துக்குள் நேரில் வந்து பார்ப்பார். அங்கேதான் ஆபத்து.

கோபத்தை அடக்குவது பற்றிப் பேச்சு நடந்த அன்று நான் தெரியாத்தனமாகக் கையைத் தூக்கிவிட்டேன். புதன்கிழமை கவுண்ட்டர் வரிசையில் மாமா. ஒரு சந்தேகத்தைக் கேட்டார். பதில் சொன்னேன். மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்று வந்து அதையே கேட்டார். நாலாவது தடவை குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கோபம் வரலையே?"

"வரலை மாமா."

"மூக்கு சிவந்திருக்கே."

"ஜலதோஷம் மாமா."

ஜாதவ்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புரொபசர் வந்து உழைப்பின் கௌரவம் பற்றி அருமையாகப் பேசினார். பேசின சூட்டில், இனி தன் வீட்டுச் சமையல்கார மாஷிக்கு ஞாயிறு லீவு என்று கையும் தூக்கினார். அடுத்த ஞாயிறு காலை மாமா அவர் வீட்டு மணியை அடிக்க, மாஷியே வந்து கதவைத் திறந்தாள்.  மாமா மாஷியை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போய் உப்புமா கிளறினார். புரொபசர் அதைச் சாப்பிட்டார். அப்புறம் எங்கள் கூட்டத்துப் பக்கம் அவர் தலை தெரியவில்லை. நாங்களும் கேள்வி வரும் நேரத்தில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் ஆசை.

அந்த வருஷ மழைக்காலத்தில், குடோனில் மூட்டை அடுக்கு சரிந்து சுக்தேவ் என்பவர் செத்துப்போனார். மூட்டை தூக்குபவர். பீகாரில் பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். கப்பல் சரக்கு குவிந்து இடமில்லாமல் போனதால், வழக்கத்தைவிட உயரமாக அடுக்கச் சொன்னது முதலாளி. லேபர் ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சுக்தேவ் குடித்துவிட்டு அடுக்கின்மேல் ஏறினார் என்று குடோன் ஆட்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அதுவே நிலைத்துவிட்டால் அவர் பெண்டாட்டிக்கு நஷ்டஈடு என்று எதுவும் வராது. மாமாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பேச்சாளர் முதலாளியேதான். முன்னமே முடிவானது, ரத்து செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று வந்துவிட்டார். தலைப்பு, தொழிலில் மனிதத்தன்மை. "நம்மகிட்ட வேலை செய்யறவா நம்ம குடும்பம்" என்று சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வேஷம் போட்டார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

முடித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்திருக்கவில்லை. எத்தனையோ வருஷமாக வாராவாரம் கேட்ட கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. முதலாளிக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்க வேண்டும்.

"என்ன, என் பேச்சுக்குக் கை தூக்கறது கிடையாதா? ஒருத்தர்கூட இல்லையா?"

மாமா மெல்லக் கையைத் தூக்கினார்.

"நான் செய்யறேன். வியாழக்கிழமை விசாரணைல, அடுக்கு உசரம்னு எனக்குத் தெரியும்னு சொல்லப்போறேன். நீங்க சொன்னேள், நான் பார்த்துண்டு சும்மா இருந்தேன். சுக்தேவ் குடிக்கலை."

முதலாளி கத்தவில்லை. "இது கூட்டம் ஓய், கோர்ட் இல்லை. நாளைலேருந்து நீர் குடோனுக்கு வரவேண்டாம்" என்றார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மாடி ஹாலுக்கு வேறு பூட்டு. செவ்வாய்க்கிழமை முதலாளியிடமிருந்து ஆள் வந்து, வியாழக்கிழமை மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் வெள்ளிக்கிழமை பழையபடி வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

புதன்கிழமை மறுபடியும் என் கவுண்ட்டர் வரிசையில் மாமா.

"நாளைக்குத் துணைக்கு வரேளா? தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்னு பயமா இருக்கு."

லீவு போட்டேன். கொட்டுகிற மழை. பஸ்ஸில் போனோம். லேபர் ஆபீஸ் வாசலில் குடோன் ஆட்கள் எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாமா உள்ளே போனார். வராந்தாவில் நான் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வெளியே வந்தவர் நேராக மழையில் இறங்கி, சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டுபோய் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"குடிச்சிருந்தான்னு இனிமே எழுத மாட்டா" என்றார். அப்புறம், "அன்னிக்கு அவன் ஜுரம்னு லீவு கேட்டான். சரக்கு நிறைய இருக்குன்னு நான்தான் குடுக்கலை. அதையும் உள்ள சொல்லிட்டேன். யாரும் எழுதிக்கலை."

அந்த மனிதரைக் கேலி பண்ணியே எனக்குப் பழக்கம். கைக்குட்டையை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன். என் குழந்தைகளுக்குத் துவட்டுகிற மாதிரி அழுத்தித்தான் துவட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.