மொந்தால்வாவுக்கு நான் வரமாட்டேன்

இந்த வருஷம் தன் இடுப்பில் ஏப்ரன் ஏறாது என்று பௌலினோ சபதம் போட்டான். வீட்டு மூலையில் முணுமுணுத்த சபதம் இல்லை. வால்செரோ ஊரின் ஒரே ஒயின் கடையில், சீட்டாட்டத்தின் நடுவே, மேசையில் ஓங்கிக் குத்திப் போட்ட சபதம். குத்திய குத்தில் எல்லோருடைய கோப்பையும் கவிழ்ந்தது. சாட்சிக்கு அது போதும்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் புனித ஆகத்தா அம்மாள் திருநாள் வந்துவிட்டால் வால்செரோவில் பெண்கள் வைத்ததுதான் சட்டம். ஊர்த்தலைவர் தன் கோலைப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். ஆண்கள் சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், பாத்திரம் துலக்க வேண்டும், ஏப்ரனோடு சதுக்கத்தில் ஆடவும் வேண்டும். முரண்டு பிடித்தால் குண்டூசிக் குத்து. போன வருஷம் பௌலினோ ஆடிய ஆட்டத்தை அறுவடை முடியும் வரை கடையில் நடித்துக் காட்டினார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இன்னொரு தரம் அது நடந்தால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

சபதம் போட்டாயிற்று. வழி? அதை அவன் மனைவி ரெமேதியோஸே, பாவம், தன் வாயால் எடுத்துக் கொடுத்தாள்.

"மொந்தால்வா மொந்தால்வான்னு எல்லாரும் ஓடுறாங்களே, அங்க என்ன கொட்டியா கெடக்கு? இடிஞ்ச கோட்டை, கல்லு, காத்து! யாரு கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்ப்பா" என்றாள், பூண்டு சூப்பை ஊற்றியபடி.

"அடி பொண்ணே, அது சரித்திரம் உள்ள ஊரு!"

"சரித்திரத்தைப் போட்டு சூப்பு வைக்க முடியுமா?"

பௌலினோவுக்குப் பொறி தட்டியது. திருநாளன்று ஊரில் இருந்தால்தானே சிக்குவோம்! தனியாக ஓடினால் கோழை என்பார்கள். மனைவியையும் கூட்டிப்போனால்? அன்பான புருஷன். மொந்தால்வாக்காரர்கள் அந்தத் திருநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டாடுவார்கள், அதையும் விசாரித்துவிட்டான். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

ஆனால் ரெமேதியோஸ் லேசில் மசியவில்லை.

"கல்யாணம் ஆனதுலேருந்து உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கேனா?"

"இல்லை. உன்கிட்ட எனக்குப் பிடிச்ச ஒரே குணம் அதுதான்."

"ஒரு நாள் போயிட்டு வருவோம், ரெமே."

"அந்தக் குளிர்லயா? என் கோட்டு கிழிஞ்சு தொங்குது."

கோட்டு வாங்கினான். கணுக்கால் வரை மூடும் நீளக் கோட்டு.

"அங்க சாப்பாடு நல்லா இருக்காதாம்."

கோட்டை வாசல் பக்கத்து விடுதியில் ஆட்டுக்குட்டி ரோஸ்ட்டுக்குச் சொல்லி வைத்தான்.

"சரி, இவ்வளவு கெஞ்சுறே. உனக்காக வந்து தொலைக்கிறேன்" என்று அவள் பெருமூச்சு விட்டபோது, உலகத்தையே ஜெயித்த மாதிரி அவன் மீசையை முறுக்கினான்.

திருநாளன்று விடிந்ததும் விடியாததுமாகக் கார் கிளம்பியது. சதுக்கத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். ஊர் எல்லை கடந்ததும் வாய்விட்டுப் பாட்டே பாடினான். ரெமேதியோஸ் புதுக் கோட்டின் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

மொந்தால்வாவில் இறங்கியதும், "நீ போய்க் கோட்டையைப் பாரு, மனுஷா. நான் கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வர்றேன்" என்று நழுவினாள். பௌலினோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கோட்டையைக் கட்டியவனே தான்தான் என்கிற தோரணையில் சதுக்கத்தைச் சுற்றி வந்தான். வால்செரோவில் இந்நேரம் அந்த அசடுகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க இனித்தது.

அப்போது ஒரு கல் தூணுக்குப் பின்னால் தெரிந்த தொப்பை, பழகிய தொப்பையாக இருந்தது. எட்டிப் பார்த்தான். சீட்டுக் கூட்டாளி செவெரினோ!

"நீ இங்க என்னடா பண்றே?"

"நீ என்ன பண்றே?"

"பொண்டாட்டியைச் சுத்திக் காட்டக் கூட்டியாந்தேன்."

"நானும்தான். வரவே மாட்டேன்னா. நான்தான் விடாம இழுத்துட்டு வந்தேன்."

பௌலினோ அவன் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தான். "செவெரினோ... கோட்டு வாங்கிக் குடுத்தியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீளக் கோட்டா?"

"ஆமா. கணுக்கால் வரைக்கும்."

இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். ரொட்டிக் கடை வாசலில் வால்செரோ கசாப்புக்காரன் நின்றான். மதில்மேல் ஊர்த்தலைவரே நின்றார். ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

டமடமவென்று மேளம் கேட்டது. கோட்டை வாசல் வழியாக வால்செரோப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். ஒரே சமயத்தில் பொத்தான்கள் அவிழ்ந்தன. கோட்டுக்கு உள்ளே திருநாள் உடுப்பு: சிவப்புப் பாவாடை, பாசிமணி, கறுப்பு வெல்வெட் ரவிக்கை. முன்னால் வந்தவள் ரெமேதியோஸ். கையில் ஊர்த்தலைவரின் கோல்; அவர் மனைவி கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தது.

"வால்செரோ ஆம்பளைங்களே!" என்று அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. "போன வருஷம் இந்தக் கோலைப் பிடிச்சுக்கிட்டு, எங்களை வெளியூரு கூட்டிட்டுப் போங்கன்னு உத்தரவு போட்டோம். மாடு கன்னு போடுதுன்னீங்க. காரு படுத்துருச்சுன்னீங்க. முட்டி வலின்னீங்க. அதனால இந்த வருஷம் உத்தரவே போடலை. வரமாட்டோம்னு மட்டும் சொன்னோம்!"

பெண்கள் குலவை இட்டார்கள். மொந்தால்வாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சன்னல்களிலிருந்து கைதட்டல் கொட்டியது.

ஒவ்வொருத்தனும் தனித்தனியாகச் சொல்லி வைத்த விடுதி அதே விடுதிதான். மேசைகளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களை வாசலிலேயே மடக்கி ஏப்ரன் மாட்டினார்கள். செவெரினோ ஆட்டுக்குட்டி போலக் கழுத்தை நீட்டினான். பௌலினோ மட்டும் சுவரோடு ஒட்டி நின்றான்.

"உசிரே போனாலும் கட்டமாட்டேன்! எல்லார் முன்னாடியும் சபதம் போட்டிருக்கேன்!"

குண்டூசிகள் வெளியே வந்தன. ரெமேதியோஸ் கோலை உயர்த்தி எல்லோரையும் தடுத்தாள்.

"விடுங்கடி அவனை. சபதம்னா சபதம்தான். கட்ட வேண்டாம்."

பௌலினோவுக்கு நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டான்! ஊரே தோற்று அவன் ஒருத்தன் மட்டும் ஜெயித்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"அதோட, செவெரினோ மாதிரி கைப்பக்குவம் உள்ளவனுக்குத்தான் ஏப்ரன் எடுப்பா இருக்கும்" என்றாள் ரெமேதியோஸ், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "இவனால ஒரு தட்டைக்கூடச் சிந்தாம கொண்டுவர முடியாது. பாவம், உக்காரட்டும்."

"யாரால முடியாது?"

"உன்னாலதான். அவன் எங்க, நீ எங்க."

"இந்தத் தொப்பையனை விடவா நான் மட்டம்? குடு அதை இங்க!"

பிடுங்கினான். முதுகுக்குப் பின்னால் கையை விட்டு இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டினான். மார்பைத் தட்டிக்கொண்டு திரும்பினால், விடுதியே கூரை அதிரச் சிரிக்கிறது.

ரெமேதியோஸ் சூடான தட்டை அவன் கையில் வைத்தாள். "ஆறுறதுக்குள்ள கொண்டு போ, ராஜா."