கண்ணாடி கழுவும் தண்ணீர்

ஹூஷங் லீவரை இழுத்தார். வைப்பர் இரண்டும் கறக் கறக் என்று காய்ந்த தூசியைத் தேய்த்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை.

"தண்ணி வரலியா மாப்பிள்ளை?" என்றார், பெட்டியோடு பக்கத்தில் நின்ற நஸ்ருல்லா மாமா.

"வரும் மாமா, வரும்." மறுபடி இழுத்தார். வரவில்லை.

வாசலில் நின்ற மனைவி மஹின் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அது சரியாகாம என் மாமாவை ஏத்திக்கிட்டு அபர்கூ ரோட்டுல போகக் கூடாது. பாலைவனத் தூசி. எதிர்வெயில் அடிச்சா முன்னால வர்ற லாரியே தெரியாது."

"பதினொரு மணிக்குள்ள கிளம்பலைன்னா நான் இருட்டறதுக்குள்ள ஷிராஸ் திரும்ப முடியாதே."

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை லீவுல போங்க. மாமா என்ன ஓடியா போறாரு?"

அடுத்த வெள்ளி! ஹூஷங் லீவரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

மஹினின் தாய்மாமனான நஸ்ருல்லா, புத்தாண்டு முடிந்த கையோடு அபர்கூவிலிருந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர். மூன்று வாரம் ஆகிறது. படுக்கையறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, மஹின் கூடத்து சோபாவிலும் ஹூஷங் சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவிலும் படுக்கிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு, "மாப்பிள்ளை, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று மாமா பகடைப் பலகையோடு வந்து நிற்பார். நல்ல மனுஷர்தான், தோற்றாலும் சிரிப்பார். அதற்காக ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் எத்தனை நாள் ஃபிரிட்ஜின் உறுமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது?

தப்பு மாமாவுடையது மட்டுமில்லை, உபசாரத்துடையதும்தான். விருந்தாளி "கிளம்பறேன்" என்றால் வீட்டுக்காரர் "விடவே மாட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். மூன்று தடவை அவர் கிளம்ப, மூன்று தடவை இவர் தடுக்க, அதற்கப்புறம் அவர் போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

நான்காம் நாள் மாமா பெட்டியைத் தூக்கியதும் ஹூஷங் முறைப்படி அதைப் பிடுங்கிப் பரணில் போட்டார். மாமா இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்தாம் நாள் பஸ் டிக்கெட்டோடு வந்தார். "பஸ்ஸா? என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும். நானே கார்ல கொண்டுபோய் விடறேன்" என்று ஹூஷங் டிக்கெட்டைக் கிழித்தார். அப்போதும் மாமா இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மூன்று வரை எண்ணத் தெரியாத மனுஷரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

இன்று எப்படியாவது கிளம்பிவிட வேண்டும். இன்று ராத்திரி சொந்தக் கட்டில்.

"துளை அடைச்சிருக்கும்" என்று ஹூஷங் மஹினின் தையல் ஊசியை வாங்கி, பானெட்டின் மேலிருந்த துளைக்குள் விட்டுக் குத்தினார். ஊசி பாதியில் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது.

"என் நல்ல ஊசி!" என்றாள் மஹின்.

மாமா பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இருந்தும் கண்டுபிடித்துவிட்டார். "மோட்டார் சத்தமே இல்லையே மாப்பிள்ளை. தண்ணி அடிக்கிற மோட்டார் செத்துப்போச்சு. பரவாயில்ல, ஒரு ஈரத்துணி எடுத்துக்கலாம். நிறுத்தி நிறுத்தித் தொடச்சுக்கிட்டே போயிடலாம்."

"உங்களை ஈரத்துணியோடவா கூட்டிட்டுப் போவேன்? நல்லா இருக்கே!" ஹூஷங்கின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற உஸ்தா யதுல்லா கடைக்கு மேலேயே குடியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. பைஜாமாவோடு இறங்கி வந்து, குவியலுக்குள் கையை விட்டு, கட்டைவிரல் தடிமனில் ஒரு மோட்டாரை எடுத்தார்.

"ஒரே மோட்டார், ரெண்டு வாய். ஒரு பக்கம் சுத்தினா முன் கண்ணாடி, மறுபக்கம் சுத்தினா பின் கண்ணாடி. குழாயை மாத்திச் சொருகிடாதீங்க. டீ சாப்பிட்டுத்தான் போகணும்."

"வேண்டாம் உஸ்தா." "சாப்பிடாம விடமாட்டேன்." "அவசரம் உஸ்தா." "ஒரே ஒரு கிளாஸ்." "இன்னொரு நாள் கண்டிப்பா உஸ்தா." மூன்று ஆகிவிட்டது. உஸ்தா உடனே விட்டுவிட்டார். உபசாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஹூஷங் வீட்டுக்கு விரைந்தார்.

தெருவில் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார், டார்ச் அடித்தார், மணியை அடிக்கடி பார்த்தார். கிழவருக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று ஹூஷங் பொறுத்துக்கொண்டார்.

பழைய மோட்டார் தொட்டியின் அடியில் ரப்பருக்குள் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. மூச்சைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். மோட்டார் வந்தது. கூடவே தொட்டித் தண்ணீர் முழுவதும் வந்து, இஸ்திரி போட்ட பேன்ட்டை இடுப்புவரை நனைத்தது. புது மோட்டாரை அழுத்திச் சொருகினார். குழாய் இரண்டும் ஒரே கறுப்பாக, ஒரே நீளமாக இருந்தன. பிஸ்மில்லா சொல்லி ஒவ்வொன்றையும் ஒரு வாயில் மாட்டினார்.

"மஹின், ஒரு வாளித் தண்ணி!"

"குழாய்ல காத்துதான் வருது. பத்து மணிக்கே தண்ணியை நிறுத்திட்டான்."

மணி பத்தே முக்கால். ஹூஷங் வீட்டுக்குள் ஓடினார். டீ போடும் சமோவரில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது, ஆகாது. அப்போதுதான் வாசல் தட்டில் அது கண்ணில் பட்டது. குர்ஆனுக்குப் பக்கத்தில் ஒரு செப்புக் கிண்ணம், நிறையத் தண்ணீர், மேலே நாரத்தை இலை இரண்டு. மாமாவை வழியனுப்ப மஹின் தயாராக வைத்திருந்தது. பயணம் போகிறவர் பின்னால் அந்தத் தண்ணீரை ஊற்றினால் அவர் சீக்கிரமே திரும்பி வருவார்.

ஹூஷங் இலைகளை எடுத்துப் போட்டார். கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். அந்தக் காலையில் முதன்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்குத் தண்ணீரும் ஆச்சு, மாமா திரும்பி வராமலும் ஆச்சு. லீவரை லேசாகத் தொட்டார். மோட்டார் 'ம்ம்ம்' என்றது. இருப்பதே ஒரு கிண்ணம், அதை வீணாக்கிப் பார்க்க வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டார்.

மஹின் உயர்த்திப் பிடித்த குர்ஆனை மாமா முத்தமிட்டு, அதன் அடியில் குனிந்து வந்து காரில் ஏறினார். மஹின் கிண்ணத்தை எடுத்தவள் திகைத்து நின்றாள்.

"இதுல இருந்த தண்ணி எங்க?"

"கண்ணாடிக்கு ஊத்திட்டேன்மா. வேற வழியில்ல."

"ஐயோ! மாமா பின்னால ஊத்த வெச்சதுங்க அது! சகுனக் கேடு!"

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா" என்றார் மாமா. அவர் முகம் சுருங்கவில்லை, நன்றாகவே மலர்ந்திருந்தது. எவ்வளவு பெருந்தன்மை என்று ஹூஷங்குக்கே கொஞ்சம் குற்ற உணர்வு வந்தது.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே மாமா!" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் கியரைப் போட்டார்.

கார் நகர்ந்தது. தூசி படிந்த கண்ணாடியில் வெயில் பளீரென்று அடித்தது. ஹூஷங் லீவரை நன்றாக இழுத்தார்.

முன் கண்ணாடியில் ஒரு சொட்டும் விழவில்லை; குழாய் இரண்டும் மாறிப்போயிருந்தன. பின்கதவு ஒருமுறை இடிபட்டு நிமிர்த்தியதிலிருந்து அதன் தண்ணீர்த் துளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வழியே ஒரு கிண்ணத் தண்ணீரும் பீச்சி எழுந்து, வளைந்து, காருக்குப் பின்னால் தெரு நடுவில் சடசடவென்று கொட்டியது.

வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருந்த தெருவே கை தட்டியது. மஹின் வெறும் கிண்ணத்தோடு குதித்தாள். "காரே தண்ணி ஊத்திடுச்சு! மாமா, சீக்கிரமே வந்துடுவீங்க!"

ஹூஷங் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். சொந்தக் கட்டில் கண்ணெதிரே ஈரமாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பாவம், நெகிழ்ந்துவிட்டார். வராமல் இருப்பாரா இனி? வரட்டும், எட்டு நாளாவது ஆகும் இல்லையா. ஹூஷங் தெருமுனையில் நிறுத்தி, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எப்படியோ கிளம்பியாயிற்றே என்று மனசு லேசாகத்தான் இருந்தது.

மாமாவின் ஃபோன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அபர்கூவிலிருந்து எஃபத் மாமியின் குரல் காரை நிறைத்தது.

"கிளம்பிட்டீங்களா?"

"ம்... கிளம்பியாச்சு" என்றார் மாமா, ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டே.

"அப்பாடா! பெட்டியைப் பிடுங்கறான், டிக்கெட்டைக் கிழிக்கறான், தூக்கம் வராம அஞ்சு மணிக்கே சமையக்கட்டுல தனியா கெடக்கறான், பாவம் அந்தப் பையன் மனசு நோகும்னு மூணு வாரமா அங்கயே மாட்டிக்கிட்டு நீங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்... ஆமா, கிளம்பும்போது பின்னால யாரும் தண்ணி ஊத்திடலியே?"