பித்தளைக் கோலும் உங்கள் தங்கையும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்து முப்பத்தேழு வருடம் தாக்குப்பிடித்துவரும் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உங்கள் தங்கை என்னைவிடச் சுகம், பிரச்சினையே அதுதான். அங்கு தங்கள் மூட்டுவலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கவும். படித்து முடித்ததும் உடனே கிளம்பி வரவும்.

நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆனதும் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் ஃப்ளாட் பார்த்துக் குடிபோவது என்று பேசி முடித்தது தங்களுக்கும் தெரியும். லிஃப்ட் வைத்த கட்டடம், ஜன்னலைத் திறந்தால் பேத்தியின் பள்ளிக்கூடம். நான் அட்டைப் பெட்டிகள்கூட வாங்கிவிட்டேன். இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்த உங்கள் தங்கை, ரிட்டயர் ஆன முதல் ஞாயிற்றுக்கிழமை, "சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வரேங்க" என்று ஊர்க்கோடியில் இருக்கும் பழைய ரயில் ஸ்டேஷனுக்குப் போனாள். டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை என்றார்களாம், கிழித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் எண்ணெய்க் குப்பியைக் கையில் கொடுத்தார்கள். அதற்கடுத்த மாதம் கரி அள்ளிப் போடச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் பரீட்சை எழுதி டிரைவராகிவிட்டாள். அறுபத்திரண்டு வயதில், மச்சான். நீராவி இன்ஜினுக்கு. அட்டைப் பெட்டிகளில் இப்போது அவளுடைய கரி படிந்த நீலச் சட்டைகள் இருக்கின்றன, அவற்றைத் துவைப்பது யார் என்று தாங்கள் கேட்கவே வேண்டாம்.

இந்த ரயிலின் கதையைச் சொன்னால்தான் என் நிலைமை புரியும். ஒரு காலத்தில் மலையடியில் இருந்த கல் குவாரியிலிருந்து கல் ஏற்றி வரப் போட்ட பாதை. நேராகப் போட்டிருந்தால் நாலு கிலோமீட்டர். குவாரி முதலாளிக்குக் குகை என்றால் பயமாம், "மலையைக் குடைஞ்சா நான் அதுல வர மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்ததால் சுற்றிச் சுற்றிப் போட்டுப் பதினொரு கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒருவருடைய பயத்துக்காக அத்தனை இரும்பு. பிறகு குவாரி மூடியது, ரயில் நின்றது, இருபத்தாறு வருடம் பாதை முழுக்கப் புதர். அப்புறம் ஊரில் நாலு ரயில் பைத்தியங்கள் சங்கம் வைத்து, புதரை வெட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக வண்டியை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் இன்ஜினைக் கண்டுபிடித்தபோது டிரைவர் நிற்கும் இடத்தில் ஒரு மரம் நின்றுகொண்டிருந்ததாம். அந்த மரத்தை வேரோடு எடுத்து ஸ்டேஷன் வாசலில் நட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் நிழல் கொடுக்கிறது. ஒரு மரத்துக்கே மனசு இரங்கியவர்கள், இன்ஜினை விடுவார்களா?

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பாய்லருக்குள் நூற்றுப் பதினெட்டுக் குழாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் அவரே குடைந்து சுத்தம் செய்வார். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் பொறுத்துக்கங்க, இப்ப முடிஞ்சிடும்" என்று இன்ஜினிடம் சொல்லிக்கொண்டே செய்வதை நான் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். இன்ஜினுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெரியம்மா'. பெரியம்மா சூடாவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், ஓடும் நாளெல்லாம் உங்கள் தங்கை விடியற்காலை நாலரைக்கே எழுந்து போய்த் தீ மூட்டுவாள். எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கச் சொன்னால் மட்டும், "அடுப்பு அங்கதாங்க இருக்கு" என்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் பாதையை மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து, பெரியம்மாவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். உங்கள் தங்கை அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை கொடுத்தாள். "சான்றிதழ் கெடைக்கலேன்னா மறுவாரமே ஃப்ளாட்டுக்குப் போயிடலாங்க. வாயே திறக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இங்கே ஒரு விதியைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாதென்று ஒரு பித்தளைக் கோல் வைத்திருக்கிறார்கள். டோக்கன் என்பார்கள். ஒரு முழ நீளம், தலையில் வளையம். அந்தக் கோல் கையில் இருக்கும் டிரைவர்தான் வண்டியை எடுக்கலாம். உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு, மாற்றுக் கோல் கிடையாது. சோதனை நாளன்று நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஸ்டேஷன் மேஜைமேல் என் குடை இருந்தது, பக்கத்தில் கோலும் இருந்தது. குடையைப் பைக்குள் போடும்போது கோலும் தவறுதலாக உள்ளே போய்விட்டது. பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைக்காத ஆசாமி நான். வயசாகிறது, என்ன செய்வது. வீட்டுக்கு வந்து போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அங்கே நடந்ததைப் பிறகு டாக்டர் சொன்னார். பெட்டிகள் நிறையச் சங்கத்து ஆட்கள், இன்ஜினில் இன்ஸ்பெக்டர், புகை வருகிறது, நீராவி ஏறிவிட்டது, கோல் இல்லை. ஸ்டேஷனையே தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம்.

"அம்மா, இந்த லைன்ல இருக்கறதே ஒரு இன்ஜின். அதுமேலதான் நாம நிக்கறோம். எதிர்ல என்ன வந்து மோதும்?"

"எதுவும் மோதாது சார். ஆனா கோல் என் கையில இல்லயே."

"நான்தானே சொல்றேன், எடுங்க."

"மாட்டேன் சார்."

"எழுதிக் குடுத்தா?"

"எழுதிக் குடுங்க சார், பத்திரமா வெச்சுக்கறேன். வண்டிய எடுக்க மாட்டேன்."

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம், மச்சான். நீராவி இறங்கிவிடாமல் கரி அள்ளிப் போட்டபடி அந்த வெக்கையில் நின்றிருக்கிறாள். பெட்டியில் இருந்த ஒருவர்கூட இறங்கிப் போகவில்லை. கடைசியில் நான் குடையை விரிக்கப் போக, கோல் காலில் விழ, அலறியடித்து ஓடிப்போய்க் கொடுத்தேன். கோலை வாங்கினாள், விசில் கொடுத்தாள், வண்டியை எடுத்தாள். பதினொரு கிலோமீட்டரும் ஒரு குலுக்கல் இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் வண்டி ஓட்டுவதைப் பின்னால் பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். வளைவில் திரும்பும்போது இன்ஜின் தெரியும். அதில் அவள் முழங்கை தெரியும். இந்த முழங்கையையா ஃப்ளாட் பால்கனியில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்தான்.

வண்டி திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் கரி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விதிய மீறுங்கன்னு நானே சொல்லி, முடியாதுன்ன மொத ஆள் நீங்கதாம்மா." ஐந்து வருடத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பஸ் போய்விட்டதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டாக்டர் இன்ஜினைக் கட்டிக்கொண்டு அழுதார், சட்டை கருகியது.

ஆக, என் அட்டைப் பெட்டிகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. தாங்கள் ஒருவர் சொன்னால்தான் உங்கள் தங்கை கேட்பாள். நேரில் வந்து நாலு வார்த்தை கண்டித்து, ஃப்ளாட்டுக்குக் கிளப்பிவிட்டுப் போகும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாரும் தீர்க்காயுசாக, முக்கியமாகக் கரிப்புகை படாமல், வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். "தவறுதலாவா?" என்று மட்டும் கேட்டாள். மச்சான், குண்டூசியைத் தொலைக்காதவன் ஒரு முழப் பித்தளைக் கோலைத் தெரியாமல் பைக்குள் போடுவானா? வேண்டுமென்றேதான் எடுத்தேன். வீட்டில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இன்ஸ்பெக்டர் சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார், சான்றிதழ் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். தூங்கவெல்லாம் இல்லை. மொட்டைமாடியில் நின்று, ஸ்டேஷன் பக்கம் எழுந்த புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவே இல்லை. எனக்காக அவள் அங்கே காத்து நிற்கிறாள் என்று பட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. இத்தனையும் அவளிடம் சொன்னேன். "அன்னிக்கே தெரியுங்க. குடைய நீங்க ஸ்டேஷன் மேஜைமேலயே மறந்து வெச்சுட்டுத்தானே போயிருந்தீங்க" என்றாள். ஒரு மாதமாக டாக்டரிடம்கூடச் சொல்லவில்லையாம். இனிமேல் அந்தக் கோலைக் காத்துக் கொடுக்கும் வேலை எனக்கு என்று சொல்லிவிட்டாள். ஆகவே தாங்கள் கண்டிக்க வர வேண்டாம். சும்மா வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டி. நான் கோலைக் கொடுத்தால்தான் அது கிளம்பும். தாங்கள் வந்து சேர்ந்த பிறகு கொடுக்கிறேன் என்றேன். அதெல்லாம் முடியாது, நேரம் என்றால் நேரம்தான் என்கிறாள். சீக்கிரம் வந்துவிடவும்.