காய்ச்சல் பற்றாக்குறை

மனித குலத்தைக் கொசுவின் கொடுங்கோன்மையிலிருந்து விடுவிக்கப் பிறந்த மகான் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் தோன்றுவார். நடப்பு நூற்றாண்டுக்கு உரியவர், தடுப்பூசி ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் மூன்றாவது மாடியில், சொட்டுச் சொட்டாய் ஒழுகும் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நிலையத்தில் அவர் 'முதன்மை ஆய்வாளர்'. தங்கை மகள் வைத்த பெயர் 'கொசு மாமா'. இரண்டில் எது பொருத்தம் என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

டெங்கு என்பது ஒரு வைரஸ் அல்ல; நாலு வைரஸ். பங்காளிகள் மாதிரி. ஒருவனை மட்டும் அடக்கி வைத்தால் மற்றவர்கள் முன்பைவிட மூர்க்கமாக வருவார்கள். நாலு பேரையும் ஒரே ஊசிக்குள் சமாதானம் செய்து வைப்பதற்குள் கொசு மாமாவின் தலைமுடி முழுவதும் 'அறிவியலுக்கு அர்ப்பணம்' ஆகிவிட்டது. ஒருவழியாக எலிகள் பிழைத்தன, குரங்குகள் பிழைத்தன, துணிந்து கை நீட்டிய சில மாணவர்களும் பிழைத்தார்கள். பாக்கி கடைசிச் சோதனை. காய்ச்சல் மிகுந்த ஊராகப் பார்த்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீரும் போட வேண்டும். யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கும் தெரியாது, கொசு மாமாவுக்கும் தெரியாது, கொசுவுக்கும் தெரியாது. பிறகு எந்தப் பாதியில் காய்ச்சல் குறைவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தேர்வான ஊரில்தான் அவருடைய தங்கை குடியிருந்தாள். அங்கே குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஆகவே வீட்டுக்கு வீடு டிரம், குடம், உடைந்த வாளி. அத்தனையிலும் கொசு வம்சம் தழைத்தது. தங்கை முதல் ஆளாக மகளைக் கூட்டி வந்து ஊசி போட வைத்தாள். "எங்க அண்ணன் கண்டுபிடிச்சது" என்று சொல்லிச் சொல்லி, வரிசையில் நழுவப் பார்த்தவர்களையும் இழுத்து நிறுத்தினாள்.

அப்புறம்தான் அசம்பாவிதம் நடந்தது. 'நாட்டிலேயே காய்ச்சலில் முதலிடம்' என்று பத்திரிகைகள் அந்த ஊரைக் கொண்டாடின. மேலிடம் நகராட்சி ஆணையரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தது. அவமானம் தாங்காத ஆணையர் மோட்டாரை மாற்றினார், குழாயை மாற்றினார், தினமும் தண்ணீர் விட்டார். ஜனங்கள் டிரம்களைக் கவிழ்த்துப் போட்டார்கள். மழைக்காலத்தில் பாதி போய்விட்டது. மருந்து போட்டவர்களுக்கும் காய்ச்சல் இல்லை. உப்புத்தண்ணீர் போட்டவர்களுக்கும் இல்லை.

நிலையத்தில் அவசரக் கூட்டம். பார்த்தால் இரங்கல் கூட்டம் போலிருந்தது.

"ஒரு கேஸ்கூடவா இல்ல?" என்றார் இயக்குநர்.

"ஒருத்தருக்கு வந்துச்சு சார். ஆசையா ஓடிப் போய்ப் பார்த்தோம். வெறும் சளி" என்றார் புள்ளிவிவர அம்மையார்.

"ஜனங்ககிட்ட ஒத்துழைப்பே இல்லையே!"

"கையெழுத்து போடும்போது நல்லாத்தான் சார் பேசினாங்க."

அன்று மாலை தங்கை போன் செய்தாள். "அண்ணா, இந்த வருஷம் எங்க தெருவுல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல தெரியுமா!"

"அடப்பாவமே!" என்று சொல்லிவிட்டார் கொசு மாமா.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இப்ப என்ன சொன்னீங்க?"

"சந்தோஷத்துல வாய் குழறிடுச்சு."

"சந்தோஷம் வந்தா மூஞ்சி இப்படியா இருக்கும்?"

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் படித்தவர் அல்லவா, வெட்கத்தோடு வாதாடி ஜெயித்துவிட்டார். ஓர் ஊருக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்தால், உலகத்துக்கே காய்ச்சல் வராமல் தடுக்கலாம். கணக்கு சரியாக இருந்தது. கணக்கில் தலைகள் இருந்தன; முகங்கள் இல்லை. நேரே ஆணையரிடம் போனார்.

"ஒரு சின்ன உதவி. தண்ணிய... பழையபடி விட முடியுமா?"

ஆணையர் காதைக் குடைந்துகொண்டார். "பழையபடின்னா?"

"வாரம் ஒருக்கா. அறிவியல் நலன் கருதி."

ஆணையர் எழுந்து வந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. "சார், தண்ணி விடலேன்னுதான் எல்லாரும் வந்து திட்டியிருக்காங்க. ஏன் விட்டேன்னு கேட்டு வந்த முதல் மனுஷன் நீங்கதான். அந்த மோட்டாரை வச்சுக்கிட்டு நான் படுற பாடு உங்க ஒருத்தருக்காவது புரிஞ்சுதே!"

மறுநாளே ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகப் போயிற்று. 'ஆராய்ச்சி அறிஞர் அவர்களின் அன்பான வேண்டுகோளுக்கு இணங்க, குடிநீர் இனி வாரம் ஒருமுறை மட்டுமே வழங்கப்படும். பொதுமக்கள் நீரைச் சேமித்து வைத்து அறிவியலுக்கு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

கவிழ்ந்திருந்த டிரம்கள் நிமிர்ந்தன. அறிவியலும் நிமிர்ந்தது.

முதல் காய்ச்சல் தங்கை மகளுக்கு வந்தது.

கொசு மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, உதடு வெடித்துப்போய், குழந்தை கட்டிலில் சுருண்டு கிடந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

"மாமா, கொசு ஜெயிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார். தங்கை அவரை வெளியே அழைத்துப் போனாள். "அண்ணா, இவளுக்குப் போட்டது மருந்தா, உப்புத்தண்ணியா?"

"தெரியாதும்மா."

"நீதானே கண்டுபிடிச்ச?"

"எனக்குத் தெரியக்கூடாது. அதான் விதி."

"யாரோட விதி?"

அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அலறியது. இயக்குநரின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. "வாழ்த்துகள்! முதல் கேஸ் கிடைச்சிருச்சாமே!"

"நன்றி சார்" என்றார் கொசு மாமா, பழக்கதோஷத்தில். தங்கை உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையின் காலைப் பிடித்தபடி, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லத் தட்டணுக்கள் ஏறின. ஒரு காலையில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். கொசு மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தங்கை, மகளுக்குத் தலை வாரியபடியே, நிதானமாகப் பேசினாள்.

"உன் மருந்து வேலை செய்யுமோ செய்யாதோ, எனக்குத் தெரியல அண்ணா. ஆணையர்கிட்ட நீ பண்ணின சிபாரிசு நல்லா வேலை செய்யுது."